மாஸ்கோ நேரம் காட்டிய கடிகாரம்

"கை வைக்காதேன்னா வைக்காதே! ஆம்பளையோட கைக்கடிகாரம் அது. கத்தியால நெம்பித் திறக்க அது என்ன ஊறுகாய் பாட்டிலா?"

"நின்னுபோய் நாலு நாளாச்சு, அத்தை. பேட்டரி மாத்தினா ஓடப்போகுது. இதுக்குக் கடைக்காரன் எதுக்கு?"

"பெரிய படிப்பு படிச்சவ! அவன் வந்து கேட்டா நீயே பதில் சொல்லு."

"வரட்டும். வந்து கேக்கட்டும். அதுக்குத்தானே காத்துக் கிடக்கேன்!"

பக்கத்து வீட்டு அய்ஜமாலும் அவள் மாமியாரும் போட்ட இந்தச் சண்டையை என் காதால் கேட்டேன். ஒட்டுக்கேட்கவில்லை. நடுச்சுவருக்கு இந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். மொத்தம் மூன்றே துணி என்பது வேறு விஷயம். அதன் பிறகு வீட்டுக்குள் நடந்ததை அய்ஜமாலே பின்னால் என்னிடம் சொன்னாள். அழுதுகொண்டு சொல்லவில்லை. சந்தையில் அரிசி விலை சொல்வதுபோலச் சொன்னாள். அதனால்தான் நம்புகிறேன். நம்பாதவர்கள் எங்கள் ஊர் உஸ்கென்னுக்கு வந்து எங்கள் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

அய்ஜமாலின் புருஷன் மிர்லான் மாஸ்கோவுக்குக் கட்டட வேலைக்குப் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கிளம்பும்போது எங்கள் வழக்கப்படி ஒரு ரொட்டியை ஒரே ஒரு கடி கடித்து வைத்துவிட்டுப் போனான். மீதியைத் திரும்பி வந்து தின்ன வேண்டும். அந்த ரொட்டி காய்ந்து மரக்கட்டையாகி சமையலறை ஆணியில் தொங்கியது. அதே ஆணியில் அவனுடைய கைக்கடிகாரமும். "மாஸ்கோ நேரத்துலயே ஓடட்டும். இதைப் பார்த்துட்டு போன் பண்ணு, நான் தூங்கறப்ப எழுப்பாதே" என்று சொல்லி மாட்டியிருந்தான். எங்கள் கடிகாரத்துக்கு மூன்று மணி நேரம் பின்னால் அது.

திங்கட்கிழமை அது நின்றுவிட்டது. நாலு மணி பதினேழு நிமிடத்தில். அன்றிலிருந்து மிர்லானின் போனும் அணைந்தே கிடந்தது. கடிகாரத்தை ஓட வைத்தால் போன் வந்துவிடும் என்று அவளுக்கு ஒரு எண்ணம். சிரிக்காதீர்கள். நாலு நாள் புருஷன் குரல் கேட்காமல் இருந்து பாருங்கள், நீங்களும் அப்படித்தான் நினைப்பீர்கள்.

பிப்ரவரி மாதம், வியாழக்கிழமை. பகல் இரண்டு ஐந்துக்கு மாமியார் சலிமாவின் தம்பி காரில் வந்து, வீட்டில் விருந்து என்று அக்காவை அழைத்துப் போனார். முகத்தில் விருந்துக் களை இல்லை. மருமகளைக் கூப்பிடவும் இல்லை. அய்ஜமால் அதைக் கவனிக்கவில்லை. தொல்லை விட்டது என்று கத்தியைக் கையில் எடுத்தாள்.

மேசையில் வெள்ளைத் துணி விரித்தாள். கடிகாரத்தைக் குப்புறக் கவிழ்த்தாள். முதுகு மூடியின் ஓரத்தில் சின்னப் பள்ளம் ஒன்று இருக்கும். கத்தி முனையை அதில் வைத்து நெம்பினாள். டக்.

மூடியின் உள்பக்கம் ஈரமாக இருந்தது. கண்ணாடியில் மூச்சு விட்டதுபோல. ஈரத்தோடு சாம்பல் நிறத்தில் பொடி... விரலால் தேய்த்துப் பார்த்தாள். சிமெண்டு. இரண்டு வருஷமாக ஆணியை விட்டு இறங்காத கடிகாரம் அது. அதற்குள் சிமெண்டு எப்படி வந்தது?

துணியால் துடைத்தாள். புருவம் திருத்தும் இடுக்கியால் பழைய பேட்டரியை எடுத்துத் தட்டில் போட்டாள். புதியதை வைத்தாள். ஓடவில்லை. திருப்பி வைத்தாள். ஓடவில்லை. சுவர்க் கடிகாரத்தில் இரண்டு முப்பத்தொன்று.

"சனியன்" என்று சொல்லிப் புதியதையும் எடுத்துத் தட்டில் வைத்தாள்.

அப்போதுதான் கேட்டது.

டிக்... டிக்... டிக்...

தட்டைப் பார்த்தாள். பழையது ஒன்று. புதியது ஒன்று. இரண்டும் அங்கேயே இருந்தன.

கடிகாரத்தைத் திருப்பினாள். நொடி முள் ஓடிக்கொண்டிருந்தது. மற்ற முட்கள் நாலு பதினேழில் இல்லை.

பதினொன்று முப்பத்திரண்டு.

அவள் முட்களைத் தொடவே இல்லை. ஆனாலும் அது மாஸ்கோவின் சரியான நேரம்.

இரண்டு முப்பத்துநாலுக்குப் போன் அடித்தது. திரையில் மிர்லான் பெயர்.

"எங்கங்க போயிட்டீங்க? நாலு நாளா..."

இரைச்சல். பெரிய எந்திரம் ஒன்று இடைவிடாமல் ஓடும் இரைச்சல்.

"அய்ஜமால். மணி என்ன?"

"உங்களுக்குப் பதினொன்னு முப்பத்துநாலு."

"பகலா?"

"பகல்தாங்க."

"இங்க இருட்டா இருக்கு."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"எங்க இருக்கீங்க?"

"வந்துக்கிட்டிருக்கேன். வெளிக்கதவைத் திற."

"திறந்துதாங்க இருக்கு."

"ஒத்தைக் கதவு போதாது. ரெண்டையும் திற."

"ஏங்க?"

"நிமிர்ந்து வர முடியல."

போன் அணைந்தது.

டிக்... டிக்...

அவள் முற்றத்துக்கு ஓடினாள். எங்கள் வீடுகளில் வெளிக்கதவு இரட்டைக் கதவு. ஆள் போக ஒரு பக்கம் போதும். இரண்டு பக்கமும் திறப்பது கல்யாணத்துக்கு, இல்லாவிட்டால்... மற்றதுக்கு. பனியில் புதைந்த தாழ்ப்பாளை வெறுங்கையால் பிடுங்கிக்கொண்டிருந்தாள். நான் வாசலில்தான் நின்றேன்.

"என்னடி பொண்ணே, லாரியா வருது?" என்று கேட்டேன். என் வாய் அப்படி.

"அவர் வர்றாரு அக்கா. இப்பத்தான் போன் பண்ணாரு. ரெண்டு கதவையும் திறக்கச் சொன்னாரு."

தலைத்துணியை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டேன்.

ஏனென்றால் எனக்குத் தெரியும். தெருவுக்கே தெரியும். அந்த வீட்டு இரண்டு பெண்களைத் தவிர எல்லோருக்கும் தெரியும். திங்கட்கிழமை சாயங்காலம் சிமெண்டுக் கலவை கொட்டிய குழி சரிந்து மிர்லான் அதற்குள் போய்விட்டான். எங்கள் பக்கம் சாவுச் செய்தியைப் போனில் சொல்வதில்லை. சம்பந்தப்பட்டவர்களுக்குக் கசியவும் விடமாட்டோம். உடல் வந்து சேரும் நாளில் பெரியவர்கள் கூடிவந்து, கையைப் பிடித்து, வாயால் சொல்வார்கள். அதுவரை ஊரே நடிக்கும். ஊசி விழுந்தாலும் ஊருக்குச் சொல்கிற நானே செவ்வாய் முதல் வாயைத் திறக்கவில்லை. என்னால் முடிந்ததைத்தான் பெரிய அதிசயம் என்று நினைத்திருந்தேன், அதுவரைக்கும்.

இரண்டாவது கதவைப் பிடித்துத் தள்ளினேன்.

மூன்று பத்துக்குப் பெரியவர்கள் வந்தார்கள். தம்பி வீட்டில் விஷயம் சொல்லப்பட்டிருந்த சலிமாவை இரண்டு பெண்கள் தாங்கி வந்தார்கள். மூத்தவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிப்பதற்குள் அய்ஜமால் சொன்னாள்:

"தெரியும் தாத்தா. வழியில இருக்காரு. படுத்துக்கிட்டு வர்றாரு."

மூத்தவர் என்னைத்தான் முறைத்தார். ஒரு மாதம் தெருவே என்னைத்தான் முறைத்தது. நான் சொல்லவில்லை என்று ரொட்டியைத் தொட்டுச் சத்தியம் செய்தும் நம்பவில்லை. கடைசியில் அய்ஜமால் தன் போனைக் காட்டினாள். இரண்டு முப்பத்துநாலு. மிர்லான் எண். நாற்பத்தொரு நொடி. அந்த நேரத்தில் அவன் சவப்பெட்டி விமானத்தின் அடிவயிற்றில், பயணச் சாமான்களோடு இருந்தது.

அன்று உடலோடு வந்த கூட்டாளி நார்மாத், மிர்லானின் பழைய போனைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தான். முதுகு மூடியைத் திறந்து காட்டினான். உள்ளே பேட்டரி இல்லை.

"வீட்டுல இருந்து கூப்பிட்டா நான் என்ன சொல்றதுன்னு பயமா இருந்துச்சு. திங்கட்கிழமை ராத்திரியே கழட்டிட்டேன்."

பேட்டரியைத் தன் சட்டைப் பையிலிருந்து எடுத்து அதன் பக்கத்தில் வைத்தான்.

உடலைக் குளிப்பாட்டியவர்களுக்கு இறந்தவனின் உடைமையைக் கொடுப்பது எங்கள் வழக்கம். என் புருஷனும் குளிப்பாட்டினார். கடிகாரம் எங்கள் பங்குக்கு வந்தது. அவர் ஒருமுறைதான் மூடியைத் திறந்து பார்த்தார். அப்புறம் துணியில் சுற்றித் தொழுவத்துப் பெட்டியில் போட்டுவிட்டார். அதற்கு யாரும் பேட்டரி போடவில்லை; டிக் டிக் மட்டும் நிற்கவில்லை. அந்தப் பக்கம் மாடு கட்டுவதையும் நிறுத்திவிட்டோம்.

சலிமா தலைநகர் பிஷ்கேக்கில் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். இரண்டு வருஷம் கழித்து அய்ஜமால் தலாஸ் பக்கம் ஒரு லாரிக்காரனைக் கட்டிக்கொண்டு போனாள். நல்ல மனுஷன், கொஞ்சம் குட்டை. புது வீடு கட்டினார்கள். வெளிக்கதவு ஒற்றைக் கதவாகத்தான் வைக்க வேண்டும் என்று அவள் ஒரே பிடிவாதமாம். லாரி உள்ளே நுழையாது. மழையிலும் பனியிலும் தெருவில்தான் நிற்கிறது.

ஏன் இப்படி என்று அவன் கேட்டானாம்.

"ஒருத்தர் வந்தது போதும்" என்றாளாம்.