கிரனாடாவில் ராகுகாலம்

கும்பலோடு சுற்றுலா போவது எனக்குப் பிடிக்காது. கொடி பிடித்தவன் பின்னால் மந்தையாக ஓட வேண்டும். ஒரு தூணைப் பார்ப்பதற்குள் பஸ்ஸில் ஏறச் சொல்வான். முப்பது வருஷமாக வீட்டுக்காரர் சொன்ன ஊருக்கெல்லாம் போயாச்சு. இது நான் தேர்ந்தெடுத்த ஊர். ஸ்பெயினில் கிரனாடா. குன்றின்மேல் அரண்மனை, அதற்குள் சிங்கங்கள் சுமக்கும் நீரூற்று. அந்த முற்றத்தில் யாரும் விரட்டாமல் நிற்க வேண்டும். அதற்காகவே எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தனி வழிகாட்டி பிடித்தேன்.

சாலை என்கிற கடைத்தெருவில் எங்கள் பாத்திரக்கடை. குக்கர் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து அந்த வழிகாட்டிப் பெண்ணோடு வீடியோவில் பேசினோம். வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு மட்டும்தான் அரண்மனை டிக்கெட் மிச்சம், பன்னிரண்டரைக்குச் சுற்றிக்காட்டி முடித்துவிடலாம் என்றாள்.

"வெள்ளிக்கிழமை பத்தரை ராகுகாலம்லா," என்றார் வீட்டுக்காரர். அவளிடமும் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார். "நோ மேடம். பேட் டைம்."

அந்த நேரத்தில் இவர் மாத்திரை ஏதும் சாப்பிட வேண்டுமா என்று அவள் கவலையாக விசாரித்தாள். சாயங்காலத்துக்குள் சொல்லுங்கள், இல்லையென்றால் டிக்கெட் போய்விடும் என்றாள்.

எனக்கு உச்சி கொதித்தது. "நம்மூர் ராகுவுக்கு விசா யாரு குடுத்தா?"

"ஏட்டி, ராகுட்ட விளையாடாத. ஜோசியர்ட்ட கேப்போம்."

கிழக்கேகோட்டை ஜோசியருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். அங்கே சூரியன் எப்போது உதிக்கும், எப்போது மறையும் என்று ஜோசியர் கேட்டார். நான் செல்லில் பார்த்துச் சொன்னேன். காலை ஏழு. ராத்திரி ஒன்பதரை.

"ஒன்பதரையா? பின்னே எப்போ சாப்பிட்டு எப்போ தூங்குவா?" கொஞ்ச நேரம் முணுமுணுத்துக் கணக்குப் போட்டார். "பகலை எட்டாப் பிரிச்சா வெள்ளிக்கிழமை நாலாவது பங்கு ராகுவுக்கு. அங்கே பகல் நீளம். அதனால ராகுகாலம் பன்னெண்டரைக்குத்தான் ஆரம்பிக்கும். பத்தரை நல்ல நேரம். தைரியமா உள்ளே போங்கோ."

நான் துள்ளாத குறை. வீட்டுக்காரர் விடவில்லை. "பன்னெண்டரைக்கு வெளிய வருவோமே சாமி, அப்ப?"

"அப்போ புறப்படப்படாது. ரெண்டேகால் வரைக்கும் உள்ளேயே இருங்கோ."

போனை வைத்ததும் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். பத்தரைக்கே வருகிறோம், ஆனால் இரண்டேகாலுக்கு முன்னால் எங்களை வெளியே கிளப்பக்கூடாது என்றேன். அவள் சிரித்துக்கொண்டே சம்மதித்தாள்.

"அவ்வளவு நேரம் அந்தச் சிங்கத்தை என்னட்டி பாக்கப்போற?" என்றார்.

"உங்க ஜோசியர்ட்ட கேளுங்க."

அந்த வாரம் வெள்ளிக்கிழமை துர்க்கைக்கு எலுமிச்சம்பழ விளக்கு ஏற்றப் போனேன். பல வருஷமாக இவர் கெஞ்சியும் போகாதவள் நான். ராகுகாலத்திலேயே போனேன். வாசல்வரை வந்து, எனக்குக் காய்ச்சலா என்று கேட்டார்.