கடைசி வாய்க்காலின் புதன்கிழமை

என் சமையலறையில் இரண்டு மணிக்கூடுகள் உண்டு. ஒன்றில் ரொறன்ரோ நேரம், மற்றதில் மன்னார் நேரம். ஊரிலிருந்து அழைப்பு வந்தால் இரண்டாவதைத்தான் முதலில் பார்ப்பேன். அகாலமாக இருந்தால் கெட்ட செய்திதான் என்று நினைப்பேன். சண்டைக் காலத்தில் பிடித்த பழக்கம், இன்னும் விடவில்லை.

அந்த ஆனி மாதச் செவ்வாய் மாலை, வெயில் இறங்குமுன் சிவதர்சினி அழைத்தாள். மன்னாரில் காலை ஆறு மணி. கையிலிருந்த கோப்பையை வைத்துவிட்டேன்.

"ஆருக்கு என்ன?"

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை அக்கா. பத்து மணிக்கு என்ர பக்கத்தை மூடப்போகினம்."

தர்சினி என் சின்னம்மாவின் மகள். பதின்மூன்று வயதில், செட்டிகுளம் அகதி முகாமில் பெயர் பதியும் வரிசையில்தான் முதன்முதலாகக் கணினியைக் கண்டாள். மற்றவர்கள் அரிசியைப் பற்றிக் கேட்க, இவள், "எழுதினதை அழிச்சுப்போட்டுத் திருப்பி எழுதலாமோ?" என்று கேட்டாளாம். இரண்டாயிரத்துப் பத்தில் கட்டுக்கரைக் குளத்துக்குக் கீழே, கடைசி வாய்க்கால் பாயும் தங்கள் காணிக்குத் திரும்பினார்கள். பள்ளிக்கூடத்தின் ஒரே கணினியில் ஆளுக்குப் பத்து நிமிடம்; மிச்சத்தை அவள் கொப்பியில் எழுதிப் பழகினாள். பிறகு மன்னாருக்கு பஸ் ஏறிப்போய் ஒரு வகுப்பு, நான் அனுப்பிய பழைய மடிக்கணினி. இருபத்தொரு வயதில் முதல் வேலை: ஊர் விவசாயிகளின் சங்கமான கமக்காரர் அமைப்புக்கு ஓர் இணையப் பக்கம்.

மழையில்லாத சிறுபோக நெற்செய்கையில் தண்ணீர் குறைவு என்பதால் வாய்க்கால்களுக்கு முறை வைத்துத் திறப்பார்கள். திங்கள் முதல் வாய்க்கால், செவ்வாய் நடு, புதன் கடைசி. இன்று எவருடைய முறை என்று பக்கம் சொல்லும். அந்தத் திங்கள் மத்தியானம்தான் அதைத் தொடக்கிவைத்தாள். அது இருந்தது நான் ரொறன்ரோவில் வாடகைக்கு எடுத்துக் கொடுத்த சேர்வர் கணினியில்.

செவ்வாய் விடிய, நடு வாய்க்கால் கனகம்மா போனைப் பார்த்திருக்கிறார். 'இன்று முதல் வாய்க்கால்' என்று இருந்ததாம். முதல் வாய்க்கால்காரர் மறுபடியும் தண்ணீரை எடுத்துவிட்டார்கள். பத்து மணிக்குக் கனகம்மா சண்டைக்கு வர, எல்லோரும் பார்த்தபோது பக்கம் சரியாக இருந்தது.

"கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாருங்கோ," என்று அமைப்பின் செயலாளர் யோகராசா கனகம்மாவிடம் சிரித்தாராம். பிறகு தர்சினியைத் திரும்பிப் பார்த்து, "இல்லாட்டி, நீ களவா மாத்திப்போட்டாயோ பிள்ளை?" என்றாராம். அதை விசாரிக்கத்தான் இந்தப் பத்து மணிக் கூட்டம்.

"அதுதான் இண்டைக்கு விடியவே கனகம்மாவின்ர வாய்க்காலுக்கு வந்தனான். போனைப் பார்த்தால், இண்டைக்கு நடு வாய்க்கால் எண்டு கிடக்கு," என்றாள் தர்சினி.

பின்னால் கனகம்மாவின் குரல் கேட்டது. "நேற்று என்ர தண்ணியைக் குடுத்துப்போட்டு, இண்டைக்கு உன்ர அப்பற்ர தண்ணியை எனக்குத் தருது. நான் எடுத்தால் கடைசி வாய்க்காலார் என்ர மண்டையைப் பிளப்பினம். கெதியாப் பாரடி!"

தர்சினி மெல்லக் கேட்டாள்.

"அக்கா, உங்களுக்கு இண்டைக்கு என்ன கிழமை?"

"செவ்வாய்."

"எங்களுக்குப் புதன்."

நான் சுவரைப் பார்த்தேன். இத்தனை வருடமும் அந்த மணிக்கூடுகள் நேரத்தைத்தான் காட்டின, கிழமையைக் காட்டவில்லை. பக்கம் ஒவ்வொரு தடவையும் என் ஊர்ச் சேர்வரிடம்தான் 'இன்று என்ன நாள்?' என்று கேட்டிருக்கிறது. இங்கே நள்ளிரவு தாண்டும்வரை, அதாவது மன்னாரில் காலை ஒன்பதரை ஆகும்வரை, அதற்கு முந்திய நாள்தான். தர்சினி சோதித்துப் பார்த்ததெல்லாம் பின்னேரங்களில்.

"பேசாமல் விட்டால் ஒன்பதரைக்குத் தானாச் சரியாகும் என்ன?" என்றேன். பயந்தவளின் யோசனை.

"ஓம். கனகம்மாவும் திரும்பப் பொய்க்காரியாவா."

வயல் வரம்பிலேயே குந்தியிருந்து மடிக்கணினியைத் திறந்தாள். ஒரே ஒரு வரியை அழித்துத் திருப்பி எழுதினாள். மன்னார் நேரத்தைப் பார் என்று. தட்டும் சத்தம் எனக்குக் கேட்டது.

"பாருங்கோ இப்ப."

"புதன், கடைசி வாய்க்கால்," என்று கனகம்மா எழுத்துக்கூட்டி வாசித்தார். "இப்பதான் உன்ர பக்கத்துக்கு விடிஞ்சிருக்கு!"

கூட்டத்தில் தர்சினி, பிழை தன்னுடையது, கனகம்மா சொன்னது உண்மை என்று எழுந்து சொன்னாளாம். யோகராசா பக்கத்தை மூடவில்லை. கனகம்மாவுக்கு, எவருக்கும் முறை இல்லாத வெள்ளிக்கிழமை தண்ணீர் விடுவதாக அதிலேயே போடச் சொன்னார்.

அந்தச் செய்தியோடு அழைப்பு வந்தபோது மன்னார் மணிக்கூட்டை நான் பார்க்கவில்லை.