எண்பதாம் நம்பர் கோடு

அந்த வருடம் என் வலது கையில் மூன்று விரல்கள் தூங்கிக்கொண்டிருந்தன. கழுவும்போது ஊறுகாய் பாட்டில் கையிலேயே உடைந்து, மணிக்கட்டில் நரம்பை அறுத்துவிட்டது. டாக்டர் தைத்தார். விரல்கள் மடங்கின, நீண்டன. ஆனால் எதைத் தொட்டாலும் துணி சுற்றிக்கொண்டு தொட்டதுபோலத்தான் இருந்தது. இட்லி சூடாக இருக்கிறதா, ஆறிவிட்டதா என்று இடது கையைத்தான் கேட்க வேண்டும்.

"நரம்பு மெதுவாத்தான்மா வளரும். தினமும் கண்ணை மூடிக்கிட்டு சொரசொரப்பு, வழவழப்பு எல்லாம் தொட்டுப் பாருங்க. உணர்ச்சி வரலாம்" என்றார் டாக்டர். வரும் என்று அந்த மனிதர் சொல்லவே இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

என் கணவருக்குத் திருநெல்வேலிப் பக்கம், எனக்குப் போச்சம்பள்ளி. ஓசூரில் ஒரு கம்பெனியில் இரும்பு அச்சுகளை முகம் தெரியும்வரை தேய்ப்பது அவர் வேலை. மடியில் தட்டை வைத்துச் சாப்பிடும்போது நான் சோற்றைச் சிந்துவதைப் பார்த்துவிட்டு, "உனக்கு ஒரு மேசை செஞ்சு தாரேன்ட்டி" என்றார். இங்கே மிஷின்கள் வந்திறங்கும் பெட்டிகளைப் பிரித்து விற்கிற பழைய சாமான் கடைகள் உண்டு. அங்கிருந்து வெளுத்த பைன் பலகைகள் வீட்டுக்கு வந்தன.

உப்புத்தாள் வாங்க நானும் கூடப் போனேன். கடைக்காரர் வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், எங்களிடம் தமிழ். "மரத்துக்குத்தானே சார்? இந்த மஞ்சத் தாளை எடுங்க. அறுபதுல ஆரம்பிச்சு எண்பது, நூத்தியிருபது, நூத்தியெண்பது, இருநூத்தியிருபதுன்னு வரிசையா போங்க. நம்பர் ஏற ஏற நைசு. நடுவுல தாண்டினா, முன்னாடி போட்ட கோடு போவாது" என்றார். இவரோ எனக்கேவா என்பதுபோல் சிரித்துவிட்டு, கம்பெனியில் கைபழகிய கறுப்புத் தாளையே வாங்கினார். தலைக்கனம், வேறென்ன.

மொட்டைமாடியில் பலகையைக் கிடத்தி, தண்ணீர் தெளித்துத் தெளித்துத் தேய்த்தார். இரும்பை அப்படித்தான் தேய்ப்பார்கள். இரும்பு தண்ணீர் குடிக்காது. பைன் பலகை மடமடவென்று குடித்தது. தாளின் கறுப்பெல்லாம் மரத்தின் ரேகைக்குள் இறங்கிவிட்டது. காய்ந்தபின் நார் நாராக எழுந்து நின்றது.

"என்னாங்க இது, பலகைக்குத் தாடி முளைச்சிருக்குது?"

"சும்மா கெட" என்று முறைத்துவிட்டு, மறுபடி கடைக்குப் போய் மஞ்சள் தாளையே வாங்கிவந்தார்.

அதன்பின் வந்த சாயங்காலங்களை இப்போதும் கனவோ என்றுதான் நினைக்கிறேன். அவர் மரத்தின் ரேகை ஓடிய திசையிலேயே தேய்ப்பார். அறுபது கரகரவென்று கறுப்பைத் தின்றது. தூள் மேலே எழுந்து வெயிலில் அப்படியே நிற்கும். தூரத்துக் குன்றுகள்கூட அந்தத் தூளுக்குப் பின்னால் கரைந்துபோகும். இடையிடையே அவர் ஒவ்வொரு தாளிலும் ஒரு துண்டு கிழித்துத் தருவார். நான் கண்ணை மூடி, வலது விரலால் தடவி, நம்பர் சொல்வேன்.

"எண்பது."

"சரி! இது?"

"நைசு. இருநூத்தியிருபது."

எல்லாம் சரியாகவே வந்தது. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கும்தான். ஆனால் ஒருநாள் பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு தாளும் பிடிபடவில்லை. விரலுக்கு எல்லாம் ஒரே மௌனமாக இருந்தது. அப்போதுதான் விளங்கியது: இத்தனை நாளும் சொன்னது விரல் இல்லை, காது. தாள் உரசும் சத்தத்தை வைத்துச் சொல்லியிருக்கிறேன்! துண்டுகளை வீசி எறிந்துவிட்டு ஓவென்று அழுதேன். அவர் அவற்றைப் பொறுக்கி வைத்தார். அதற்குப் பிறகு நம்பர் கேட்கவே இல்லை. மேசையை மட்டும் தேய்த்தார்.

வார்னிஷ் அடிக்க வேண்டிய அன்று, "ஒருக்கா தடவிப் பாரு" என்றார். கீழே கம்பெனி பஸ் ஒன்று நின்று உறுமிக்கொண்டிருந்தது. நான் மேகத்தைப் பார்த்தபடி மேசையின்மேல் கையை ஓடவிட்டேன். எங்கோ போய்க்கொண்டிருந்த நினைப்பு ஓரிடத்தில் தடுக்கியது.

"இங்க கோடு இருக்குதுங்க."

"இருக்காதுட்டி. பட்டு மாதிரி தேச்சிருக்கேன்."

"இருக்குதுன்றேன்!"

போன் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தார். மயிரிழையாக, ஓரத்தில் நாலைந்து கீறல்கள். அவர் முகம் சுருங்கியது. "எண்பதாம் நம்பர் கோடு. அந்த ஓரத்துக்கு நடுத் தாளு ரெண்டும் தீந்து போச்சு. நேரா இருநூத்தியிருபதுக்குத் தாவிட்டேன். இரு, கடைக்குப் போய்ட்டு வந்து எடுத்துருதேன்" என்று எழுந்தவர், படியருகே போய் நின்றுவிட்டார். மெதுவாகத் திரும்பி என் கையைப் பார்த்தார்.

"எந்தக் கையால தொட்ட?"

நானும் குனிந்து பார்த்தேன். வலது கை. ஆள்காட்டி விரல் இன்னும் அந்த இடத்திலேயே இருந்தது. நுனியில் எறும்பு ஊர்வதுபோல என்னவோ குறுகுறுத்தது. நகர்த்தினால் போய்விடுமோ என்று பயந்து விரலை அசைக்காமல் வைத்திருந்தேன். அவர் அருகில் வந்து உட்கார்ந்தார். கண்ணெல்லாம் தண்ணீர் அவருக்கு.

"கடைக்கெல்லாம் போவாதீங்க" என்றேன். "இந்தக் கோட்டுல மட்டும் கை வெச்சீங்க, அப்புறம் நான் மனுசியா இருக்க மாட்டேன்."