கப்பலில் வராத இதழ்

சென்ற வாரம் திருவல்லிக்கேணி நடைபாதையில், மழையில் நனைந்த பழைய புத்தகக் குவியலிலிருந்து ஒரு குங்ஃபூ காமிக்ஸ் அகப்பட்டது. அட்டையில் ஒரு கால் காற்றிலும் மறுகால் எதிரியின் முகத்திலுமாக எங்கள் கதாநாயகன். 'எங்கள்' என்று எழுதியதும் பேனா தயங்குகிறது.

ஈரத்தாளின் வாசனை என்னை அந்தமானின் மாயாபந்தருக்குக் கொண்டுபோயிற்று. எழுபதுகளின் பிற்பகுதி, நான் அங்கே இயற்பியல் ஆசிரியன். கப்பலில் வெங்காய மூட்டைகளோடு வரும் இதழ்களை கப்பல்துறை ஜெட்டியருகே கடை வைத்திருந்த கீழக்கரைக்காரர் எடுத்துவைப்பார். மாணவர்களுக்காக என்று சொல்லிக்கொண்டு நானே படித்தேன். மனைவி கோமதி அவற்றைத் தொட்டதில்லை.

அவ்வாண்டு மழைக்காலத்தில் எங்கள் கைக்குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. போர்ட் பிளேருக்குக் கொண்டுபோக வேண்டும். கொந்தளிப்பில் கப்பல் இல்லை. கடல் தணிந்தபோது தொட்டில் காலியாகி, அவசரம் தீர்ந்துபோயிருந்தது.

அதன்பின் கோமதி காமிக்ஸ் மட்டுமே படித்தாள். ஆசானைக் கொன்றவனைத் தேடும் சீடன். கும்பலாகச் சூழ்ந்துகொண்டு ஒவ்வொருவராக வந்து உதைபடும் அடியாட்கள்.

"மத்தவனுங்க என்ன, ரேஷனுக்கு வரிசையில நிக்கானுவளா?" என்று ஒருநாள் சிரித்தாள். அச்சிரிப்புக்காகவே தொடர்ந்து வாங்கினேன்.

ஓர் இதழின் முடிவில் நாயகன் மலையுச்சியிலிருந்து விழுந்தான். அடுத்த இதழ் வரவில்லை.

"பண்டல் பூரா கடல் பானி பூந்துருச்சு தங்கச்சி. மெயின்லேண்டுல கேட்டேன், நஹீன்னுட்டான்," என்றார் கடைக்காரர், கேட்கப்போன கோமதியிடம்.

அதற்கடுத்த இதழில் அவன் தாடியோடு தேநீர் அருந்திக்கொண்டிருந்தான்.

"எப்படிங்க பொழச்சான்?"

"ஏதாவது கிளையப் பிடிச்சிருப்பான்."

"கிளை எங்கேருந்து வந்துச்சு? மொட்டைப் பாறை. நல்லாப் பாருங்க." முந்தைய இதழை விரித்து என் முகத்துக்கு நேரே பிடித்தாள். அவள் கேட்டது அவனைப் பற்றி மட்டுமன்று என்பது எனக்குத் தெரியும். காற்றுத்தடை, அடியில் ஆழமான நீர் என்று நான் கற்ற இயற்பியல் முழுவதையும் சொல்லிப் பார்த்தேன். எதையும் அவள் ஏற்கவில்லை. ஓய்வுபெற்றுச் சென்னை வந்த பிறகும் அவ்வப்போது கேட்பாள். சென்ற தை மாதம், மருத்துவமனைக் கட்டிலிலும் கேட்டாள். "கிளைன்னு மட்டும் சொல்லாதீங்க."

மாயாபந்தருக்கு இப்போது சாலை இருக்கிறது. கடைக்காரர் இல்லை, அந்த இதழ்களும் நின்றுபோயின.

நடைபாதையில் கிடைத்தது அந்த வராத இதழ்தான். வீட்டுக்கு வந்து விரித்தேன். முதல் பக்கத்திலேயே பாறையிடுக்கில் ஒரு கிளை முளைத்திருக்கிறது. அவன் அதைப் பற்றித் தொங்குகிறான். விவாதத்தில் நான் வென்றுவிட்டேன். முந்தைய இதழை எடுத்துவந்து, "நல்லாப் பாருங்க" என்று காட்டத்தான் ஆளில்லை.