பகவதியின் பாயசத்தை நான் குடித்த ஓணம்

ஏழாம் வகுப்பு பகவதியின் இலைக்குப் பக்கத்தில் பாயச டம்ளரைப் பார்த்ததும் எனக்குள் இருந்த போலீஸ்காரன் எழுந்துகொண்டான். பள்ளியில் அன்று ஓண விருந்து. அவளுக்கோ டைப் ஒன் சர்க்கரை நோய், சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் ஊசி. அவளைக் கவனிக்கும் பொறுப்பு பி.டி. சாரான என்னிடம் இருந்தது.

ஜூன் மாதமே அவள் அம்மா ஆரியசாலையில் இருக்கும் வீட்டிலிருந்து வந்து எங்களுக்கு ஒரு மணி நேரம் எல்லாம் விளக்கியிருந்தார். நான் தலையை நன்றாக ஆட்டினேன். மனம் மட்டும் கபடிக் கோட்டுக்குச் சுண்ணாம்பு வாங்கப் போயிருந்தது. மண்டையில் மிஞ்சியது ஒன்றுதான்: இனிப்பு கூடவே கூடாது. அந்த அம்மா சொல்லாத ஒரே விஷயமும் அதுதான்.

டம்ளரைப் பிடுங்கினேன்.

"மக்களே, உனக்கு இது விஷம்லா!"

வீணாக்கக் கூடாதே என்று நின்ற இடத்திலேயே குடித்தும்விட்டேன். எனக்கும் சுகர் உண்டு என்பது வேறு கதை.

"குடிச்சிட்டியளா சார்!" பகவதி வாயைப் பிளந்தாள். "அதுக்கும் சேத்துல்லா ஊசி போட்டிருக்கேன்! அம்மாட்ட போன்ல கணக்குக் கேட்டுத்தான் போட்டேன். பாயசத்துக்கு இடம் வேணும்னு சோறு ஒரு பிடிதான் தின்னேன். ஊசி போட்டு அரை மணி நேரம் ஆச்சு, இப்ப சுகர் தாழும்."

உள்ளே போன இன்சுலினை வெளியே எடுக்க வழியில்லை. அவளைப் பக்கத்திலிருந்த கணக்கு டீச்சரிடம் விட்டுவிட்டுச் சமையலறைக்கு ஓடினேன். பின்னால் அவள் ஏதோ கத்தியது காதில் ஏறவில்லை.

"பாயசம் தீர்ந்நு சாரே," என்றார் சமையல்கார ஓமனா சேச்சி. "மூணு கிளாஸ் நிங்களே வாங்கியதல்லே?"

சர்க்கரை டின்னைத் தூக்கிக்கொண்டு திரும்பி ஓடினேன். பகவதி குளுக்கோஸ் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்தாள். மீட்டரில் 66. விரல்கள் லேசாக நடுங்கின.

"பையில குளுக்கோஸ் இருக்குன்னு விளிச்சேன். நீங்க நிக்கல்லியே சார்."

பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். நான் கடிகாரத்தை நூறு முறை பார்த்தேன்.

"சார், நீங்க உக்காருங்க. என்னைவிட உங்க கைதான் நடுங்குது."

98 வந்தது. நான் விசில் ஊதிவிட்டேன். பந்தியே திரும்பிப் பார்த்தது. பகவதி சோறும் பருப்பும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். சேச்சி உருளியைச் சுரண்டி அரை டம்ளர் பாயசம் கொண்டுவந்தார்.

"இது குட்டிக்கு. சார் தொடண்டா."

போனில் அவள் அம்மா திட்டவே இல்லை. "இன்னொருக்கா சொல்லித் தாரேன் சார்," என்றார். திட்டியிருக்கலாம்.

விடுமுறை முடிந்ததும் பகவதியே என்னை பெஞ்சில் உட்காரவைத்துப் பத்துக் கேள்வி கேட்டாள். எட்டு மார்க்.

"எல்லாம் சரியாத்தான சொன்னேன்? ரெண்டு எங்க போச்சு மக்களே?"

"கேக்காமப் பிடுங்கினதுக்கு ஒண்ணு. நிக்காம ஓடினதுக்கு ஒண்ணு."

புதிதாக வேலைக்கு வரும் ஆசிரியர்களுக்கு நான் சொல்ல இருப்பதும் அந்த இரண்டு மார்க் மட்டுமே. நோயைப் பற்றி நாம் ஒரு மணி நேரம் கேட்டிருப்போம், அதுவும் பாதி. பிள்ளை அந்த நோயோடுதான் தினமும் பள்ளிக்கு வருகிறது. காப்பாற்றக் கிளம்பும் முன் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.