கொள்ளுத்தாத்தாவின் கழுத்துப் பலகை

என்னிடம் இப்போது நான்கு பிஸ்கட் டின் நிறையப் பழைய ஸ்டூடியோ அட்டைகள் இருக்கின்றன. மர விமானத்தில் ஏறி உட்கார்ந்து கையாட்டும் வேட்டிக்காரர், தகரப் படகில் துடுப்புப் போடும் புதுத் தம்பதி, பஞ்சு அடைத்த முதலையின் வாய்க்குள் தலையைக் கொடுத்துவிட்டுச் சிரிக்கும் போலீஸ்காரர் என்று எல்லாரும் அதில் சௌக்கியமாக இருக்கிறார்கள். முன்பக்கம் படம், பின்பக்கம் விலாசம் எழுத இடம்; எடுத்த கையோடு தபாலில் போட்டுவிடலாம். இதையெல்லாம் எதற்குச் சேர்க்கிறாய் என்று கேட்பவர்களிடம் குடும்ப வழக்கம் என்று சொல்லிவிடுவேன். முதல் டின் என் மாமாவுடையது.

மாமா, அம்மாவின் தம்பி. அந்தமானில், கராச்சர்மாவில் எங்களோடுதான் இருந்தார். கப்பல் டிக்கெட் கவுண்டரில் வேலை, கல்யாணம் ஆகவில்லை. யாராவது மெயின்லேண்டுக்கு மாற்றலாகிப் போனால், மற்றவர்கள் அந்த வீட்டுக்குக் கட்டில், பீரோ கேட்டுப் போவார்கள். மாமா குப்பைக்குப் போகிற அட்டைகள் ஏதும் உண்டா என்று கேட்டுப் போவார். ஒவ்வொரு அட்டைக்கும் ஒரு கதை வைத்திருந்தார். அதில் முக்கால்வாசி புளுகு என்பது அம்மாவின் கருத்து. விளிம்பைப் பிடித்துத்தான் எடுக்க வேண்டும், படத்தில் விரல் படக்கூடாது என்பது மட்டும் கண்டிப்பான சட்டம்.

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது, சுதந்திர தினத்துக்கு முன்னால் எங்கள் ஹிந்தி மிஸ் ஓர் அறிவிப்புச் செய்தாள். நாட்டுக்காக இங்கே ஜெயிலில் கிடந்தவர்களின் வாரிசுகள் யாராவது வகுப்பில் இருந்தால், அவர்கள் மேடையில் முதல் வரிசையில் உட்காரலாம், மாலை போடுவார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் லோக்கல். நாலு தலைமுறையாகத் தீவுக்காரர்கள். அவள் எழுந்து, "மிஸ், மேரா பர்தாதா மர்டர் கர்கே ஆயா தா. சலேகா?" என்று கேட்டாள். கொலை செய்துவிட்டு வந்த கொள்ளுத்தாத்தா செல்லாது என்று மிஸ் அவளை உட்கார வைத்தாள்.

செல்லாவிட்டாலும் அவளுக்கு ஒருவர் இருந்தார். என் அப்பாவோ ரோடு போடும் வேலைக்கு ஆர்டர் வந்து, டிக்கெட் எடுத்துக் கப்பல் ஏறியவர். மூன்று நாள் வாந்தி எடுத்ததைத் தவிர வேறு தியாகம் எதுவும் செய்யவில்லை. எனக்கு அந்த மாலை வேண்டும் என்று இருந்தது. இரண்டு நாள் அதே நினைப்பாகத் திரிந்தேன்.

மூன்றாம் நாள் மாமாவின் டின் ஞாபகம் வந்தது. அதன் அடியில் வெள்ளைக் காகிதத்தில் சுற்றி ஓர் அட்டை இருந்தது. மாமா கதை சொல்லாத ஒரே அட்டை அதுதான். கோடு போட்ட சட்டை, நெஞ்சு வரை தாடி, கைகால்களில் சங்கிலி, கழுத்தில் நம்பர் எழுதிய மரப்பலகை, பின்னால் கல்சுவர். மறுபக்கம் நீல மையில் இப்படி இருந்தது: "மரியாதைக்குரிய மாமாவுக்கு, காலாபானி வந்து சேர்ந்தேன். ஆயுள் தண்டனைக்குத் தயார். ஆவணியில் நாள் பார்த்துச் சொல்லவும். இப்படிக்கு, உங்கள் கைதி." அதன் கீழே வேறு யாரோ கறுப்பு மையில் அழுத்தி எழுதியிருந்தார்கள்: "குற்றவாளிக்குப் பெண் கொடுக்கும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை."

பெண் கொடுப்பதெல்லாம் எனக்கு வேண்டாத விஷயம். குற்றவாளி என்று இன்னொரு ஆளே சாட்சி எழுதியிருக்கிறார், இதைவிட என்ன வேண்டும்? விளிம்பைப் பிடித்து எடுத்து நோட்டுக்குள் வைத்துக்கொண்டேன்.

என் கொள்ளுத்தாத்தா என்று சொல்லி அட்டையை மிஸ்ஸிடம் நீட்டினேன். மிஸ்ஸுக்குத் தமிழ் தெரியாது. காலாபானி, ஆயுள் தண்டனை இரண்டையும் நான் ஹிந்தியில் சொன்னதுமே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஹெட்மாஸ்டர், வீட்டிலிருந்து பெரியவர் ஒருவரை அழைத்துவரச் சொன்னார். அங்கேதான் சிக்கல் வந்தது. அப்பா ரோடு வேலையாக வெளியூர், ரங்கத் போயிருந்தார். அம்மாவிடம் சொன்னால் முதுகுத்தோலை உரித்துவிடுவாள். ஏதோ கையெழுத்துப் போடணுமாம் என்று பொய் சொல்லி, மாமாவைச் சாப்பாட்டு இடைவேளையில் கூட்டிக்கொண்டு போனேன்.

அறைக்குள் நுழைந்ததும் ஹெட்மாஸ்டர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். மேஜைமேல் அட்டை கிடந்தது. அவர் அட்டையைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார். "வஹீ நாக், வஹீ ஆங்க்கே! கூன் போல்தா ஹை," என்றார். மூக்கும் கண்ணும் அப்படியே இருக்கிறதாம், ரத்தம் பேசுகிறதாம். மிஸ்ஸும் ஆமாம் என்றாள். கொள்ளுத்தாத்தா பேரன் வரைக்கும் மூக்கை அனுப்பியிருக்கிறாரே என்று எனக்கே பெருமையாகிவிட்டது.

மாமா அட்டையை விளிம்பைப் பிடித்து எடுத்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

என்ன குற்றத்துக்காக உள்ளே போட்டார்கள் என்று ஹெட்மாஸ்டர் மரியாதையாகக் கேட்டார்.

"ஏக் சிட்டி லிக்கா தா, சார்," என்றார் மாமா. ஒரே ஒரு கடிதம், அதற்கு ஆயுள் தண்டனை என்றார்.

வெள்ளைக்காரர்களை எதிர்த்தா என்று கேட்டார் ஹெட்மாஸ்டர்.

"இல்ல சார். அவங்களவிடக் கண்டிப்பானவங்க," என்று மாமா தமிழில் முனகியதை, ஆமாம் என்று எடுத்துக்கொண்டு மிஸ் மறுபடி கண்ணைத் துடைத்தாள்.

அந்த நேரம் பார்த்து கிளார்க் ஏதோ பேப்பரில் கையெழுத்து வாங்க வந்தார். அட்டையை எட்டிப் பார்த்தவர், கழுத்துப் பலகையில் இருந்த நம்பரை வாய்க்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். "சார், யே தோ பஜார் மே ஸ்டூடியோ கா ஃபோன் நம்பர் ஹை. மேரி ஷாதி கா ஃபோட்டோ வஹீ சே." அவருடைய கல்யாணப் படம் எடுத்த ஸ்டூடியோவின் நம்பராம். ஹெட்மாஸ்டர் டெலிபோனை எடுத்துக் கைதி நம்பரைச் சுழற்றினார். மணி அடித்தது. "ஹலோ, ஸ்டூடியோ. பாஸ்போர்ட் சைஸ் யா ஃபேமிலி?" என்று மறுமுனையில் கேட்டது எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

ரிசீவரை வைத்துவிட்டு, அப்படியென்றால் இது யார் என்று கேட்டார் ஹெட்மாஸ்டர்.

"நான்தான் சார்," என்றார் மாமா. "தாடி ஸ்டூடியோவோடது."

சுதந்திர தினத்தன்று நான் கடைசி வரிசையில், வெயிலில் நின்றேன். கொலைகாரரின் கொள்ளுப்பேத்தி எனக்கு முன் வரிசையில் நிழலில் நின்றாள். அது இருக்கட்டும்.

ஹெட்மாஸ்டரிடம் மாட்டிக்கொண்ட அன்று சாயங்காலம் பஸ்ஸில் வீடு திரும்பும்போது மாமா திட்டவே இல்லை. "விளிம்பப் புடிச்சுத்தானே எடுத்தே?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். அந்த அட்டையை யாருக்கு அனுப்பினீங்க என்று நான் கேட்டதற்கு, "தபால்ல போச்சு பாப்பா, திரும்பி வந்துடுச்சு. விலாசம் தப்பு," என்றார். அட்டைக்கு அட்டை கதை சொல்கிற மனிதர் இதற்கு இவ்வளவுதான் சொன்னார்.

அவர் ராமநாதபுரத்தில் ஒரு பெண்ணைப் பார்த்து, பிடித்துப்போய், நிச்சயமும் செய்துவிட்டுத் தீவுக்குத் திரும்பியவர் என்பது எனக்கு அப்போது தெரியாது. பெண் வீட்டாருக்கு அந்தமான் என்றால் ஜெயில். மாப்பிள்ளை அனுப்பிய தமாஷ் அவர்களுக்குப் புரியவில்லை, படம் மட்டும் நன்றாகப் புரிந்தது. விளக்கி எழுதிய கடிதங்கள் பிரிக்காமலே திரும்பி வந்தனவாம்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் இதுதான்: விஷயம் எப்படியோ முன்னாலேயே வீட்டுக்கு வந்து, அம்மா விளக்குமாற்றோடு வாசலில் நின்றாள். மாமா சட்டைப்பையிலிருந்து அந்த அட்டையை எடுத்து அவளிடம் நீட்டினார். அவள் பார்த்தாள். விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு, தம்பியின் தலையில் ஒருதரம் கையை வைத்துவிட்டு, உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள். அடி தப்பியதில் எனக்குக் கொண்டாட்டம் தாங்கவில்லை. மாமா தொடாமல் வைத்திருந்த தோசைகளையும் சேர்த்து நானே தின்று தீர்த்தேன்.