எட்டாம் நம்பர் அறையில் ஒரு சாக்பீஸ் கோடு

நான் யாரையும் லேசில் மன்னிக்கிற ஆள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் மனம் திருந்தி அழுவேன் என்று யாரும் காத்திருக்க வேண்டாம்.

தொண்ணூறுகளின் பின்பாதியில் கோவில்பட்டியில் ஒரு கல்லூரியில் சேர்ந்தேன். எட்டயபுரத்துக்குத் தெற்கே எங்கள் ஊர். செம்மறி ஆடுதான் எங்கள் பிழைப்பு. ஹாஸ்டலில் அறைக்கு இரண்டு பேர், இரண்டு இரும்புக் கட்டில். முதலில் வருகிறவள் தனக்குப் பிடித்த கட்டிலை எடுத்துக்கொள்ளலாம் என்று வார்டன் சொல்லியிருந்தார். அதைக் கேட்டதிலிருந்து அம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. முதல் பஸ்ஸிலேயே என்னை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். கேட்டைத் திறந்தபோது வாசலில் தகரப் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தது நான் ஒருத்திதான்.

எட்டாம் நம்பர் அறை. ஒரு கட்டில் மேற்கு ஜன்னலுக்குக் கீழே கிடந்தது. இன்னொன்று கதவுக்குப் பின்னால், குளியலறைச் சுவரை ஒட்டி. அந்தச் சுவர் ஓதம் ஏறிப் பொருக்குப் பொருக்காக உதிர்ந்துகொண்டிருந்தது. ஜன்னலைத் திறந்தேன். தீப்பெட்டி ஆபீஸின் ஓடுகளும் அதற்கு அப்பால் வெறும் கரிசலும் தெரிந்தன. ஆனி மாதத்துக் காற்று முகத்தில் அடித்தது. வீட்டில் நாங்கள் எல்லோரும் வரிசையாகப் பாயில்தான் படுப்போம். எனக்கென்று ஒரு கட்டில், அதுவும் காற்று வருகிற கட்டில், அன்றைக்குத்தான் முதல் தடவை.

அம்மா சும்மா இருப்பாளா? சேலை முந்தியில் முடிந்து கொண்டுவந்திருந்த ஒரு ஆணியை எடுத்தாள். வெளியே போய் ஒரு கல்லைப் பொறுக்கி வந்து ஜன்னலுக்குப் பக்கத்தில் அடித்தாள். ரெண்டு தடவை விரலில் பட்டது. ஆணியில் என் துண்டைத் தொங்கப்போட்டுத் தள்ளி நின்று பார்த்தாள். கட்டிலில் ஜமுக்காளம் விரித்தோம், பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினோம். அவ்வளவுதான் எங்கள் அலங்காரம்.

அம்மாவை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தேன். ஜன்னல் கட்டிலில் ஒருத்தி பஞ்சு மெத்தை போட்டு உட்கார்ந்திருந்தாள். என் ஜமுக்காளம் சுருட்டப்பட்டுக் கதவோரக் கட்டிலில் கிடந்தது. பெட்டியும் அங்கேதான். அம்மா அடித்த ஆணியில் அவளுடைய பூப்போட்ட துண்டு தொங்கியது. எனக்குக் கட்டில் போனதைவிட அந்த ஆணிதான் வயிற்றெரிச்சல்.

நான் கேட்டதற்கு, தனக்குக் காற்று இல்லாவிட்டால் ஒத்துக்கொள்ளாது என்றாள். பக்கத்து ஊர்க்காரிதான், நூறு ஏக்கர் புஞ்சைக்காரர் மகள். எங்கள் வீட்டில் என்ன தொழில் என்று கேட்டாள். ஆடு என்றேன். மூக்கைச் சுளித்துக்கொண்டே எழுந்து போய், பையிலிருந்து ஒரு சாக்பீஸை எடுத்து வந்தாள். என் கட்டிலைச் சுற்றித் தரையில் ஒரு கோடு போட்டாள்.

“இந்தக் கோட்டுக்கு உள்ளதான் கிடை. மொச்ச வாடை இங்கன வரப்பிடாது, பாத்துக்கோ.”

ராத்திரி ஆட்டை அடைத்துப் போடுகிற இடத்துக்குத்தான் கிடை என்று பேர், ஆட்டின் மேல் அடிக்கிற நாற்றத்துக்கு மொச்ச வாடை. ஒரு வாரத்தில் ஹாஸ்டல் முழுக்க அந்தச் சொல் பரவிவிட்டது. என்னைத் தேடி வருகிறவர்கள், “கிடையில ஆளு இருக்கா?” என்று வாசலில் நின்று கேட்டுச் சிரித்தார்கள். வார்டனிடம் போனேன். ஒரே பக்கத்துப் பிள்ளைகள்தானே, அனுசரித்துப் போங்கள் என்றார். அனுசரித்தேன். ஓதம் ஏறிய சுவரைப் பார்த்துப் படுத்து, உள்ளுக்குள் கறுவிக்கொண்டே இருந்தேன். கோடு மங்கினால் அவள் மறுபடி போட்டாள்.

ஆவணியில் மூன்று நாள் விடுமுறை வந்தது. ஊருக்குப் போன அன்றைக்கே எங்கள் வீட்டு வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. வந்தவர் பக்கத்து ஊர்ப் புஞ்சைக்காரர். விதைப்புக்கு முன்னால் தன் நிலத்தில் எங்கள் ஆட்டைக் கிடை போடச் சொல்லிக் கேட்க வந்திருந்தார். ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும் விழுந்த கரிசலில் பருத்தி எப்படி வரும் என்று அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்த வருடம் எங்களிடம் ஏற்கெனவே நாலு பேர் கேட்டிருந்தார்கள். அவரோ எனக்கு முதலில் போடு என்று அப்பாவிடம் கெஞ்சாத குறை.

பேச்சோடு பேச்சாக என்னைப் பார்த்து எங்கே படிக்கிறாய் என்று கேட்டார். சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. தன் மகளும் அங்கேதானாம், எட்டாம் நம்பர் அறையாம். நானும் அதே அறைதான் என்றேன். பாவம், மனுசனுக்கு அவ்வளவு சந்தோசம்.

எனக்கு உள்ளே ஜில்லென்று இருந்தது. ஒரே நிமிடத்தில் எல்லாவற்றையும் யோசித்துவிட்டேன். கிடை போடுகிற முதல் நாள், ஆட்டுக்காரர்களுக்குப் புஞ்சைக்காரர் வீட்டிலிருந்து சோறு வரும். அது எங்கள் பக்கத்து வழக்கம்.

“ஐயா, மொத நா சோத்த இந்தத் தடவ ஒங்க மக கையில குடுத்து விடுங்க” என்றேன்.

அப்பா என்னை ஒரு மாதிரி பார்த்தார். அவரோ, “அதுக்கென்ன தாயி, ஒங்கூட இருக்க புள்ளதான. நானே கூட்டிட்டு வாரேன்” என்று சிரித்தார். சிநேகம் என்று நினைத்துக்கொண்டார். அப்பா கிடைக்குச் சம்மதித்தார்.

மூன்றாம் நாள் பொழுது சாய அவருடைய புஞ்சையில் ஆடுகளை அடைத்தோம். முந்தின நாள் பெய்த மழையில் கரிசல் நன்றாக இளகியிருந்தது. நான் கம்போடு ஆடுகளுக்கு முன்னால் நின்றேன். தூரத்தில் அவர் வருவது தெரிந்தது, பின்னால் தூக்குச்சட்டியோடு அவள். வரமாட்டேன் என்று அவளால் வீட்டில் சொல்லியிருக்க முடியாது. ஏன் என்று கேட்டால் கோட்டைச் சொல்ல வேண்டுமே.

புதுச் செருப்பு போட்டு வந்தாள், கூறுகெட்டவள். கரிசல் மண் செருப்பில் அப்பி, ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு படி மண்ணைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். பாதி வழியில் ஒரு செருப்பு மண்ணோடு நின்றுவிட்டது. இன்னொன்றையும் கழற்றி விட்டுவிட்டு வந்தாள். ஆடுகளுக்கு அருகே வந்ததும் நான் கம்பால் ஈரமண்ணில் ஒரு கோடு இழுத்தேன்.

“இந்தக் கோட்டுக்கு உள்ளதான் கிடை. ஒனக்குத்தான் மொச்ச வாடை ஆவாதே. அங்கனயே வச்சிட்டுப் போ.”

அவள் அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. என்ன கோடு என்று மகளிடம் கேட்டார். அவள் வாயைத் திறக்கவில்லை. நான் திறந்தேன். கட்டில், ஜமுக்காளம், ஆணி, சாக்பீஸ், வாசலில் நின்று சிரித்தவர்கள், ஒன்றையும் விடவில்லை. எங்கள் அப்பா போதும் போதும் என்று கையைக் காட்டினார். நான் நிறுத்தவில்லை.

அவர் மகளைத் திட்டுவார், அடிப்பார் என்றெல்லாம் எதிர்பார்த்தேன். ஒன்றும் செய்யவில்லை. தன் செருப்பைக் கழற்றிவிட்டு, அவள் கையிலிருந்த தூக்குச்சட்டியை வாங்கி, கோட்டைத் தாண்டி வந்து அப்பாவின் காலடியில் வைத்தார். திரும்பிப் போகும்போது மகளைப் பார்க்கவே இல்லை. அவள் அழுதுகொண்டே அவர் பின்னால் நடந்தாள். நான் அவள் முதுகு மறைகிற வரைக்கும் பார்த்தேன். அந்தச் சோற்றை அப்பா தொடவில்லை. நான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

மறுநாள் ஹாஸ்டலுக்குப் போனால், அவள் எனக்கு முன்பே வந்திருந்தாள். என் பெட்டியும் ஜமுக்காளமும் ஜன்னலுக்குக் கீழே. ஆணி காலியாக இருந்தது. தரையை ஈரத்துணி போட்டுத் துடைத்திருந்தாள். கதவோரக் கட்டிலில் பஞ்சு மெத்தை மேல் குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

ஆணியில் என் துண்டைத் தொங்கப்போட்டேன். அம்மா பார்த்தது போலவே தள்ளி நின்று பார்த்தேன். பிறகு அவள் பையைத் திறந்து, அவளுடைய சாக்பீஸையே எடுத்து, அவள் கட்டிலைச் சுற்றிக் கோடு போட்டேன்.

“அதான் மாத்தி வச்சிட்டேன்லா. இன்னும் எதுக்குக் கோடு?” என்றாள்.

“மொதல்ல போட்டது நீ. அழிக்கது ஒன் இஷ்டமா?”

மூன்று வருடமும் அந்தக் கோடு அழியாமல் பார்த்துக்கொண்டேன். சாக்பீஸ் வகுப்பில் சும்மாதான் கிடைத்தது.